"நீ யார் கேட்பதற்கு?"

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போன மாதம் நம் சங்கச் செயலாளர் அண்ணன் போன் செய்தார். "தம்பி, இந்த வருஷம் நீ பேசணும். ஆனா பம்ப், வால்வுன்னு ஆரம்பிச்சுடாதே. சாப்பாட்டுக்கு முன்னாடி வைக்கிற பேச்சு, ஜனம் எந்திரிச்சுப் போயிடும்" என்றார். அதனால் சரித்திரம் பேசலாம் என்று வந்திருக்கிறேன். ஆனாலும் தொழில் விடுமா? நடுவில் ஒரே ஒரு பம்ப் வரும். இப்போதே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

கன்னிவாடிக்காரர்களுக்கு மலை என்பது அண்ணாந்து பார்த்தால் தெரிகிற விஷயம். அந்தப் பழனி மலைத்தொடரின் மேலேதான் கொடைக்கானல் இருக்கிறது. அங்கே முதன்முதலில் பங்களா கட்டிக் குடியேறிய வெள்ளைக்காரர்கள் ஆங்கிலேயர்கள் அல்ல, அமெரிக்கர்கள். மதுரையில் 1834-ல் தொடங்கிய அமெரிக்கன் மிஷனைச் சேர்ந்த பாதிரிமார்கள். சமவெளியின் காய்ச்சலுக்கும் வெயிலுக்கும் தப்பிக்க 1845-ல் மலையேறி வீடு கட்டினார்கள். இவர்களை அனுப்பிய சங்கத்தின் தலைமையிடம் அமெரிக்காவில் பாஸ்டன் நகரம். அந்தச் சங்கத்தை நடத்தியவர்களில் பலர், பழைய பியூரிட்டன்களின் வழிவந்த காங்கிரிகேஷனல் சபையினர்.

பியூரிட்டன் என்றால் தூய்மைவாதி என்று வைத்துக்கொள்ளலாம். இங்கிலாந்தில் அரசாங்கத் திருச்சபையை எதிர்த்தவர்கள். 'எங்கள் மனசாட்சிப்படி கும்பிட விடமாட்டேன் என்கிறாயே' என்று ராஜாவோடு மல்லுக்கு நின்று, கடைசியில் கப்பலேறிக் கடல் கடந்து, பாஸ்டன் பக்கத்தில் தங்களுக்கென்று ஒரு குடியேற்றத்தை அமைத்துக்கொண்டார்கள். படித்தவர்கள். 1636-ல் ஹார்வர்டு கல்லூரிக்கு வித்திட்டதும் அவர்கள்தான். சரி, கருத்துச் சுதந்திரத்துக்காக இவ்வளவு தூரம் வந்தவர்கள், தங்கள் ஊரில் வேறு கருத்துச் சொன்னவர்களை என்ன செய்தார்கள்?

ஆன் ஹட்சின்சன் என்று ஓர் அம்மாள். 1634-ல் கணவர், பிள்ளைகளோடு பாஸ்டனுக்கு வந்தார். பிரசவம் பார்க்கத் தெரிந்தவர். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் கேட்ட பிரசங்கத்தைப் பற்றி, வாரத்தில் ஒருநாள் தன் வீட்டில் பெண்களைக் கூட்டிவைத்துப் பேசுவார். முதலில் நாலு பேர், பிறகு அறுபது பேர், அப்புறம் ஆண்களும் வர ஆரம்பித்தார்கள். கவர்னராக இருந்த ஹென்றி வேன் என்பவரே ஆதரவாளர்.

அவர் சொன்னது என்ன? நல்ல நடத்தை, கட்டுப்பாடு, சட்டதிட்டம் இவையெல்லாம் ஒருவன் இரட்சிக்கப்பட்டவன் என்பதற்கு அத்தாட்சி ஆகாது. அருள் ஒன்றே வழி. நம் பாதிரிமார்கள் பலர் இதை மாற்றிச் சொல்கிறார்கள் என்றார். நமக்கு இது புதுசா? குரங்குக்குட்டி தாயைத் தானே இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும், பூனைக்குட்டியைத் தாயே கவ்விக்கொண்டு போகும் என்று வடகலையும் தென்கலையும் தலைமுறை தலைமுறையாகப் பேசிவந்த வழக்குக்குப் பங்காளிதான். நம் பெரியவர்கள் அதை வைத்து எத்தனையோ நூல் எழுதினார்கள். பாஸ்டனில் விசாரணை வைத்தார்கள்.

1637 நவம்பரில் கவர்னர் ஜான் வின்த்ராப் தலைமையில் விசாரணை. அந்த நடவடிக்கைகளின் பதிவு இன்றும் இருக்கிறது. படித்தால், கேள்வி கேட்டவர்கள் திணறுவதும் அந்த அம்மாள் வேத வசனத்தை எடுத்து எடுத்துப் பதில் சொல்வதும் தெரிகிறது. அருளா, நடத்தையா என்ற விஷயத்தில் அவரை மடக்க முடியவில்லை. ஆகவே பேச்சு திரும்பத் திரும்ப இன்னொரு இடத்துக்குப் போனது: ஒரு பெண் இப்படிக் கூட்டம் போடலாமா, அது அவளுக்கு அடுக்குமா? கடைசியில், கடவுளே தனக்கு நேரடியாக உணர்த்தினார் என்று அவர் சொன்ன ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு நாடு கடத்தத் தீர்ப்பளித்தார்கள். எதற்காக என்று கேட்டார். காரணம் கோர்ட்டுக்குத் தெரியும், அது போதும் என்கிற தோரணையில் கவர்னர் முடித்துவிட்டார். அடுத்த வருஷம் சபையிலிருந்தும் நீக்கினார்கள். அந்த விசாரணையில் ஒரு பாதிரியார் சொன்ன குற்றச்சாட்டைக் கேளுங்கள்: நீ மனைவியாக இல்லாமல் கணவனாக இருக்கப் பார்த்தாய், கேட்பவளாக இல்லாமல் பிரசங்கியாக இருக்கப் பார்த்தாய் என்றார். இவ்வளவுதான் வழக்கு. மீதியெல்லாம் அலங்காரம்.

அன்று சபையை விட்டு வெளியேறியபோது அவரோடு கூடவே எழுந்து நடந்தவர் மேரி டையர். பிற்பாடு குவேக்கர் மார்க்கத்தில் சேர்ந்த அந்த அம்மாளை 1660-ல் பாஸ்டனிலேயே தூக்கில் போட்டார்கள்.

"இதெல்லாம் வெள்ளைக்காரன் ஊர்க் கதைப்பா, நமக்கு என்ன?" என்று முன்வரிசையில் அண்ணன் ஒருவர் முகத்தில் எழுதி ஒட்டியிருக்கிறது. நியாயம். நம் ஊருக்கு வருகிறேன்.

தஞ்சாவூரில் மராட்டிய மன்னர் பிரதாபசிம்மன் 1739 முதல் 1763 வரை ஆண்டார். அவர் அவையில் முத்துப்பழனி என்று ஒரு கவி. தேவதாசி மரபில் வந்த பெண். அந்த அரசவையில் தெலுங்குதான் காவிய மொழி. ஆகவே தெலுங்கில் 'ராதிகா சாந்த்வனம்' என்ற காவியத்தை எழுதினார். கண்ணன் இன்னொரு பெண்ணை மணந்ததும் ராதைக்கு வரும் கோபம், அந்தக் கோபத்தை அவன் தணிப்பது, இதுதான் பொருள். சிருங்காரம் தூக்கலாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் காலத்தில் சிருங்காரம் எழுதாத அவைக்கவி யார்? முன்னுரைப் பாடல்களில் தன் பாட்டி முதலான தன் வம்சத்துப் பெண்களைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்.

நூறு வருஷத்துக்கு மேல் கழித்து, 1887-ல், இந்தக் காவியம் அச்சாகி வந்தது. ஆனால் முழுசாக வரவில்லை. அந்த முன்னுரைப் பாடல்கள் உட்படச் சில பகுதிகள் விடுபட்டிருந்தன. அதாவது, கவி தன்னைப் பற்றித் தானே சொன்ன இடமே காணோம்.

இதைக் கண்டுபிடித்தவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். 1878-ல் மைசூர் நஞ்சன்கூட்டில் பிறந்து, சென்னையில் பெரும் புகழ் பெற்ற பாடகி. அவரும் தேவதாசி மரபில் பிறந்தவர். சமஸ்கிருதம், தெலுங்கு, கன்னடம் எல்லாம் முறையாகப் படித்தவர். அச்சுப் பிரதி திருப்தி தராமல் மூலச் சுவடியைத் தேடிப் பெற்று, ஒப்பிட்டுப் பார்த்து, முன்னுரை எழுதி, 1910-ல் சென்னை வாவிள்ள ராமஸ்வாமி சாஸ்திருலு அண்ட் சன்ஸ் மூலம் வெளியிட்டார். நம்ம ஊரில் சுவடி தேடிய உ.வே.சா. அவர்களை நாம் தமிழ்த் தாத்தா என்று கும்பிடுகிறோம். இந்த அம்மாளுக்குக் கிடைத்தது வேறு.

கந்துகூரி வீரேசலிங்கம் பந்துலு இந்தக் காவியத்தைக் கடுமையாகக் கண்டித்தார். ஒரு பெண் வாயில் வரக்கூடாத வார்த்தைகள், வெட்கம் கெட்ட எழுத்து என்பது அவர் கட்சி. யார் இந்த வீரேசலிங்கம்? பழமைவாதியா? இல்லவே இல்லை. 1881-ல் ராஜமுந்திரியில் விதவை மறுமணம் நடத்திவைத்து ஊர்ப்பகையைச் சம்பாதித்துக்கொண்டவர். பெண் கல்விக்காக உழைத்தவர். கும்பிட வேண்டிய மனிதர். அவரேதான் இதையும் சொன்னார்.

நாகரத்தினம்மாள் பணிந்து போகவில்லை. வெட்கம் என்பது பெண்ணுக்கு மட்டும்தானா, ஆணுக்குக் கிடையாதா என்று எழுத்திலேயே கேட்டார். நீங்கள் பார்த்து ஒப்புதல் தந்த 'வைஜயந்தி விலாசம்' என்ற காவியத்தில் இதைவிடப் பச்சையான வர்ணனை இருக்கிறதே, அது எப்படிச் சரி என்று கேட்டார். கவனியுங்கள், இது ஓர் இன்ஜினியர் கேட்கிற கேள்வி. ஒரே அளவுகோலை இரண்டுக்கும் வை என்கிறார். அதற்குப் பதில் வரவில்லை. பதிலாக வந்தது போலீஸ். 1911-ல் வெள்ளைக்கார அரசாங்கம் ஆபாசம் என்று சொல்லி நூலைத் தடை செய்து, பிரதிகளைப் பறிமுதல் செய்தது. பண்டிதர்கள் பலர் எதிர்ப்புத் தெரிவித்தும் தடை நின்றது. 1947-ல் சென்னை மாகாணப் பிரதமராக இருந்த டங்குதூரி பிரகாசம்தான் அதை நீக்கினார். 36 வருஷம்!

அத்தோடு முடியவில்லை. தியாகராஜ சுவாமிகள் 1847-ல் திருவையாற்றில் சித்தியடைந்தார். அவர் சமாதி புதர் மண்டிச் சிதைந்து கிடப்பதாக 1921-ல் நாகரத்தினம்மாளுக்குக் கடிதம் வந்தது. தன் சம்பாத்தியத்தைக் கொட்டி, நிலத்தை மீட்டு, சந்நிதி எழுப்பி, 1925 ஜனவரியில் கும்பாபிஷேகம் செய்தார். அங்கே வருஷா வருஷம் ஆராதனை நடத்திக்கொண்டிருந்த வித்வான்கள் பெரிய கட்சி, சின்னக் கட்சி என்று இரண்டாகப் பிரிந்து கிடந்தார்கள். அவர்களுக்குள் எல்லாவற்றிலும் சண்டை. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் ஒற்றுமை: பெண்கள் அங்கே பாடக்கூடாது. கோயிலைக் கட்டியவளுக்கே பாட இடமில்லை!

அந்த அம்மாள் என்ன செய்தார்?  சந்நிதியின் பின்பக்கம் உட்கார்ந்தார். தன் மரபைச் சேர்ந்த பெண்களைத் திரட்டி அங்கேயே தனியாக ஆராதனை நடத்தினார். மூன்றாவதாகப் பெண்கள் கட்சி என்று ஒன்று உருவாயிற்று. 1940-ஐ ஒட்டிய வருஷங்களில் மூன்றும் ஒன்றாயின. இன்று திருவையாற்றில் ஆணும் பெண்ணும் எதிரெதிரே உட்கார்ந்து பஞ்சரத்தின கீர்த்தனை பாடுவதை வீட்டில் டி.வி.யில் பார்க்கிறோமே, அது சும்மா வந்ததல்ல. 1952-ல் அவர் காலமானபோது சொத்தையும் அந்தச் சந்நிதிக்கே எழுதிவைத்திருந்தார். தியாகராஜரை நோக்கியபடி அவர் சிலை அங்கே இருக்கிறது. அடுத்த முறை தஞ்சாவூர்ப் பக்கம் போனால் ஒரு எட்டுப் போய்ப் பாருங்கள்.

இந்த இரண்டு கதையையும் ஏன் சேர்த்துச் சொல்கிறேன்? பாஸ்டனில் விசாரித்தவர்கள் மனசாட்சிக்காக நாட்டை விட்டு வந்தவர்கள். இங்கே கண்டித்தவர் பெண்களுக்காக அடிபட்டவர். திருவையாற்றில் தடுத்தவர்கள் தியாகராஜர் மேல் உயிரையே வைத்திருந்தவர்கள். ஒருவரும் மூடர்கள் அல்ல, கெட்டவர்கள் அல்ல. நம்மைப் போன்றவர்கள். படித்தவர்கள். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. தனக்கு வேண்டும் என்று கேட்டு வாங்கிய சுதந்திரத்தை அடுத்தவருக்குத் தருவது தானாக நடப்பதில்லை. அதற்குத் தனியாக மனசு வைக்க வேண்டியிருக்கிறது.

இன்னொன்றும் பொதுவாக இருக்கிறது. சொன்னது சரியா தப்பா என்று பார்ப்பதற்கு முன்னால், "நீ யார் சொல்வதற்கு?" என்று கேட்டுவிடுகிறோம். இந்த ஒரு கேள்வி போதும், எந்த வாதத்தையும் தொடாமலே ஜெயித்துவிடலாம்.

இப்போது அந்தப் பம்ப். ஒரு கம்பெனி, பேர் வேண்டாம். ஒரு தொழிற்சாலையில் தீயணைப்புத் தண்ணீருக்கான பம்ப் அமைப்பு. வரைபடம் இறுதியாகும் கூட்டத்தில், வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதமான ஒரு பெண், "சார், கோடையில் சம்ப்பில் தண்ணி இறங்கினால் இந்த உயரத்துக்கு பம்ப் உறிஞ்சாதே" என்று கேட்டிருக்கிறார். இதற்குப் பதில் ஒரு எண். இத்தனை மீட்டர் என்று இரண்டு நிமிஷத்தில் கணக்குப் போட்டுச் சொல்லலாம். ஆனால் கிடைத்த பதில், "உனக்கு எத்தனை வருஷ சர்வீஸ்மா?" கூட்டம் சிரித்திருக்கிறது. மே மாதம் ஓடவிட்டபோது பம்ப் காற்றை இழுத்துக்கொண்டு கடகடவென்று அதிர்ந்தது. நல்லவேளை, சோதனை ஓட்டம்தான். நெருப்பு எதுவும் பிடிக்கவில்லை. அதைச் சரிசெய்ய அனுப்பப்பட்டவர்களில் நான் ஒருவன். பழைய கூட்டக் குறிப்பை எடுத்துப் பார்த்தேன். அந்தக் கேள்வியே அதில் இல்லை. கூட்டத்தில் இருந்த டிராஃப்ட்ஸ்மேன் ஒருவர் வாய்வழியாகச் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

முத்துப்பழனியின் முன்னுரை 1887 பதிப்பில் இல்லாமல் போனதற்கும், இந்தக் கேள்வி குறிப்பில் இல்லாமல் போனதற்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. பம்பைப் பத்து நாளில் சரி பண்ணிவிட்டோம். அந்தப் பெண் அதன்பின் எந்தக் கூட்டத்திலும் வாயைத் திறப்பதில்லை என்றார்கள். அதை எந்தக் கான்ட்ராக்டரைக் கூப்பிட்டுச் சரி பண்ணுவது?

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். பேசவிடுவது என்றால் சொன்னதையெல்லாம் ஒப்புக்கொள்வது அல்ல. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சென்னைச் சட்டசபையில் தேவதாசி முறையை ஒழிக்கப் பாடுபட்டபோது, எதிர்த்துக் குரல் கொடுத்த தேவதாசிகள் சங்கத்தின் முன்னணியில் நின்றவர் இதே நாகரத்தினம்மாள். அதே மரபிலிருந்து வந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் ஒழித்தே ஆக வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசினார், 1936-ல் நாவலே எழுதினார். 1947-ல் சட்டம் வந்தது. என்னைக் கேட்டால் சட்டம் வந்தது சரி, அந்த விஷயத்தில் நாகரத்தினம்மாள் சொன்னது எனக்கு ஒப்புதல் இல்லை. ஆனால் பாருங்கள், மூன்று பெண்கள், தங்களைப் பற்றிய ஒரு விஷயத்தில், மூன்று பேரும் பொதுவெளியில் பேசினார்கள். அவர்களுக்காக ஆண்கள் மட்டும் பேசி முடித்திருந்தால் நமக்கு ஒரு பக்கம்தான் தெரிந்திருக்கும். நமக்குப் பிடித்ததைச் சொல்பவரைப் பேசவிடுவது பெரிய விஷயமே இல்லை. பிடிக்காததைச் சொல்பவரைப் பேசவிடுவதில்தான் இருக்கிறது.

காலம் மாறவில்லையா என்று கேட்பீர்கள். மாறியிருக்கிறது. ஹட்சின்சனுக்கு 1922-ல் பாஸ்டனில் சட்டமன்றத்துக்கு எதிரிலேயே சிலை வைத்தார்கள். 1987-ல் கவர்னர் மைக்கேல் டுகாகிஸ் நாடுகடத்தல் உத்தரவை ரத்து செய்தார். 350 வருஷம் ஆயிற்று, ஆனாலும் செய்தார்கள். அந்தப் பாஸ்டனிலிருந்து வந்த மதுரை மிஷன், பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடங்கள் நடத்தியது. 1948-ல் மதுரையில் லேடி டோக் கல்லூரி வந்தது. நம் பக்கத்து வீடுகளில் எத்தனை அம்மாக்கள், அக்காக்கள் அங்கே படித்தார்கள்! தமிழ்நாட்டில் 2016 முதல் உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று சட்டமும் இருக்கிறது. ஆனால் நாற்காலி வேறு, குரல் வேறு. நாற்காலியில் அம்மா இருக்க, பேசுவது வீட்டுக்காரர் என்கிற ஊர்கள் இன்னும் இருக்கத்தான் செய்கின்றன.

ஆகவே நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். தீர்மானமாகவே எடுத்துக்கொள்ளலாம். நம் பொதுக்குழுக் குறிப்பேட்டில் 'ஒருமனதாக நிறைவேறியது' என்று எழுதுவதை ஒரு வருஷத்துக்கு நிறுத்திவைப்போம். யாராவது மறுத்துப் பேசினால், பேசியவர் பேர், சொன்ன காரணம், அதற்கு நாம் சொன்ன பதில், மூன்றையும் எழுதுவோம். பதில் இல்லையென்றால் 'பதில் இல்லை' என்றே எழுதுவோம். அக்காமார்கள் பத்துப் பேர் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஒரு வார்த்தையும் பேசாமல் சாப்பிட்டுவிட்டுப் போகிற சந்திப்பாக இது இருக்க வேண்டாம். நிர்வாகக் குழுவில் அவர்களும் வரட்டும், கணக்கும் கேட்கட்டும். பொருளாளர் அண்ணன் கோபிக்கக்கூடாது.

தங்கச்சிகளே, உங்களுக்கு ஒன்று. கேள்வி கேட்கும்போது கணக்கோடு கேளுங்கள். ஹட்சின்சன் வசனத்தோடு பேசினார், நாகரத்தினம்மாள் சுவடியோடு பேசினார். அப்படியும் "நீ யார்?" என்று ஒருவர் கேட்டால், அவரிடம் பதில் இல்லை என்று தெரிந்துகொள்ளுங்கள். தம்பிகளே, உங்களுக்கும் ஒன்று. பக்கத்தில் ஒருத்தி கேள்வி கேட்டு, கூட்டம் சிரித்தால், "சார், அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லுங்க" என்று ஒருவன் சொன்னால் போதும். அதற்குப் பெரிய வீரம் வேண்டாம். அரை நிமிஷம் வேண்டும்.

செயலாளர் அண்ணன் கடிகாரத்தைப் பார்க்கிறார். சாப்பாட்டு வாசனையும் வந்துவிட்டது. இந்த உரையில் நான் சொன்ன எதையும் மறுத்துப் பேச விரும்புகிறவர்கள் பந்தியில் என் பக்கத்து இலையில் உட்காரலாம். அக்காமார்களுக்கு முன்னுரிமை.